ஐ.ஈ.எல்.ரி.எஸ் பேச்சுத் தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்டால்

கேள்வி: திருகோணமலையில் இருந்து ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலத் தேர்வு எடுக்கப் போகிறேன். பேச்சுத் தேர்வில் "சின்ன வயதில் சைக்கிள் இருந்ததா? உங்கள் ஊரில் சைக்கிள் பிரபலமா?" என்று கேட்பார்களாம். எப்படிப் பதில் சொல்வது?

இவை முதல் பகுதியில் வரும் கேள்விகள். பேச்சுத் தேர்வு முழுதும் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதிக்கு 4, 5 நிமிடம்தான், அதற்குள் இரண்டு மூன்று தலைப்புகள் வந்து போகும். ஆகவே ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று வசனம், ஏறக்குறைய 20 விநாடி போதும். நீட்டினால் பரீட்சகர் இடைமறித்து அடுத்த கேள்விக்குப் போவார். அது வழக்கமானதுதான், பதற வேண்டாம். "யெஸ், ஐ டிட்" என்று சொல்லி நிறுத்திவிடுவதுதான் கெடுதல். அளப்பதற்கு அவர் கையில் ஒன்றும் இராது.

எங்கள் ஆட்கள் இந்தத் தலைப்பில் சறுக்குவது பெரும்பாலும் வினைச்சொல்லில். நாங்கள் சைக்கிள் ஓடுகிறோம், உழக்குகிறோம். அந்த "ஓடு" மனதில் இருப்பதால் ஆங்கிலத்தில் "ரன்" வரும், அல்லது "டிரைவ்" வரும். இரண்டும் பிழை. சைக்கிளுக்கு "ரைட்". நேற்று என்றால் "ரோட்", "ஹாவ்" என்பதற்குப் பிறகு "ரிடன்". உழக்குவதற்கு "பெடல்" என்றே சொல்லலாம். காற்றுப் போய்விட்டது என்பதை "எயர் வென்ட்" என்று மாற்றாதீர்கள்; "ஐ ஹாட் எ பங்க்சர்" அல்லது "த டயர் வென்ட் ஃப்ளாட்". காற்றடிப்பது "பம்ப் அப் த டயர்ஸ்", ரியூப்புக்கு ஒட்டுப் போடுவது "பாச் த டியூப்", செயின் கழன்றது "த செயின் கேம் ஓஃப்". இப்படி நாலைந்து சொற்கள் சரியாக வந்தாலே சொல்வளத்துக்கான புள்ளி ஏறும். நான்கு அளவுகோல்களில் அதுவும் ஒன்று; சரளம், இலக்கணம், உச்சரிப்பு மற்ற மூன்று. நாலுக்கும் சம எடை.

"பைக்" என்ற சொல்லில் கவனம் தேவை. எங்கள் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். பரீட்சகர் இந்தத் தலைப்பில் பைக் என்றால் உழக்கும் சைக்கிளைத்தான் சொல்கிறார். இன்னொருவரைச் சைக்கிளில் "டபிள்ஸ்" ஏற்றினோம் என்றால் அவருக்கு விளங்காமல் போகலாம். "மை பிரதர் சாட் ஒன் த கிராஸ்பார்" என்று சொல்லிவிடுங்கள். கால் எட்டாத வயதில் பாருக்குள்ளால் காலை விட்டு ஓடியதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடித் தடுமாற வேண்டாம்: "த ஃப்ரேம் வோஸ் டூ பிக், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த கிராஸ்பார்". தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்து விளக்குவதும் தேர்வில் மதிக்கப்படும் திறமை.

அடுத்தது காலம். சின்ன வயதுக் கேள்வி உண்மையில் இறந்தகாலத்தைச் சோதிக்கும் கேள்வி. திரும்பத் திரும்பச் செய்ததற்கு "யூஸ்ட் டு". ஒரே தடவை நடந்ததற்கு அது ஆகாது: எட்டு வயதில் சைக்கிள் கிடைத்ததென்றால் "ஐ கொட் இட் வென் ஐ வோஸ் எய்ட்", அவ்வளவுதான். பழக்கத்துக்கு "வுட்" என்பதும் வரும், ஆனால் உடைமைக்கு வராது. "ஐ வுட் ஹாவ் எ பைசிக்கிள்" என்றால் பொருளே மாறிவிடும். "ஐ யூஸ்ட் டு கோ டு த பீச்" என்று சரியாகத் தொடங்கி "அண்ட் வி ப்ளே தெயர்" என்று நிகழ்காலத்துக்கு வழுக்குவதே நான் அதிகம் கேட்கும் பிழை. இரண்டாவது வினைக்கும் இறந்தகாலம் கொடுங்கள்: "ப்ளேய்ட்". இன்னொன்று, "பை பைக்" சரி, "ஒன் மை பைக்" சரி, "பை மை பைக்" பிழை.

உச்சரிப்பில் ஒரு சின்ன விஷயம். எழுதுவதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் தமிழில் நாம் "ரைட்" என்று ஒரே மாதிரி எழுதுவதால் வாயிலும் ஒன்றாகவே வருகிறது. சைக்கிளுக்கு உரியதில் "ஐ" ஓசையை நீட்டி, முடிவில் "பாடம்" என்பதில் வரும் "ட" போல மெதுவாக நிறுத்துங்கள். எழுதுவதற்கு உரியது குறுகி, "பட்டு" என்பதில் போல வெட்டி நிற்கும்.

என்ன சொல்வது என்பதற்கு ஊரே போதும். உவர்மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது "கெட் ஓஃப் அண்ட் புஷ் இட் அப்ஹில்". கச்சான் என்னும் சூடான காற்றுக்கு எதிரே நிலாவெளிப் பாதையில் உழக்குவது "சைக்ளிங் இன்டு எ ஹொட் ஹெட்விண்ட்". கோட்டைக்குள் மான்களைப் பார்த்தபடி கோணேஸ்வரம் வரை போனதைச் சொல்லலாம், ஆனால் பெயரோடு நிறுத்தாமல் "எ டெம்பிள் ஒன் எ க்ளிஃப்" என்று சேருங்கள். சைக்கிளே இருந்ததில்லை என்றால் அதையே சொல்லுங்கள்: "ஐ நெவர் ஹாட் மை ஓன், பட் ஐ யூஸ்ட் டு பொரோ மை கசின்ஸ்". அருமையான பதில் அது. உண்மை பொய் பார்ப்பதில்லை, மொழியைத்தான் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்த பதிலை மட்டும் பயிற்சி பெற்ற பரீட்சகர் தாளத்திலேயே பிடித்துவிடுவார்.

"பிரபலமா" என்ற கேள்வியில் எங்கள் மொழி காலை வாரும். பிரபலம் என்றதும் "ஃபேமஸ்" வாயில் வந்துவிடும். கோணேஸ்வரம் ஃபேமஸ், சைக்கிள் "பொப்பியுலர்" அல்லது "கொமன்". இங்கே காலம் நிகழ்காலம், ஒப்பீடும் வேண்டும்: "நொட் அஸ் கொமன் அஸ் பிஃபோர், பட் ஸ்கூல் சில்ட்ரன் ஸ்டில் ரைட் டு டியூஷன் க்ளாசஸ்". 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது நாடு முழுதும் பலர் சைக்கிளுக்குத் திரும்பியது நல்ல காரணம், ஆனால் அதை முதல் பகுதியில் ஒரு வசனத்தோடு விடுங்கள்.

மூன்றாம் பகுதியில் நகரங்களில் சைக்கிளை ஊக்குவிக்க வேண்டுமா என்பது போலக் கேட்டால் அங்கே விரிக்கலாம்: காரணம், உதாரணம், எதிர்ப்பக்கம் என ஐந்தாறு வசனம். அப்போது நெதர்லாந்தில் ஆட்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் என்பதையும் சொல்லலாம். அந்த நாடு தட்டை, எங்களுக்கு வெயிலும் பஸ்ஸோடு பகிரும் ஒடுங்கிய வீதியும் என்று ஒப்பிட்டால், "வெயர்அஸ்" என்ற இணைப்புச் சொல்லைப் பயன்படுத்த இடமும் தானாகக் கிடைக்கும்.