டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமா கதைக்குள்ள ஆடற டேபிள் கேம்) விளையாட பேப்பர்லயே மினியேச்சர், அதாவது பாத்திரங்களோட குட்டி உருவம், செஞ்சுக்கலாமா, எப்படி?

தாராளமா செய்யலாம், என் டேபிள்ல எல்லாமே பேப்பர்தான். முதல்ல அளவு. மேப்ல ஒரு கட்டம் 1 இன்ச், கேம்ல அது 5 அடி, அதனால மனுஷ சைஸ் ஆளுக்கு அடிப்பாகம் 1 இன்ச், ஓகர்ங்கற ராட்சசன் மாதிரி பெருசுக்கு 2 இன்ச். பிரிண்ட் போடும்போது ஃபிட் டு பேஜை ஆஃப் பண்ணிட்டு 100% வைங்க, இல்லன்னா சுருங்கிடும்.

சாதா 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல) பேப்பர் நிக்காது, 200 ஜிஎஸ்எம் கிட்ட போங்க. முன்பக்கமும் பின்பக்கமும் தலைக்குத் தலை ஒட்டினாப்ல ஒரே துண்டுல பிரிண்ட் பண்ணி, நடுவுல மை தீர்ந்த பேனாவால ஸ்கேல் வச்சு அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டு மடிச்சா மடிப்பு நேரா வரும். தண்ணியான வெள்ளை பசை வேண்டாம், பேப்பர் நெளியும், இங்க்ஜெட்னா கலரும் பரவும், க்ளூ ஸ்டிக் போதும். ஒட்டி தடி புக் அடியில காயவிட்டு அப்புறம்தான் வெட்டணும், முதல்லயே வெட்டினா ரெண்டு பக்கமும் பொருந்தாது. வாள், கொம்பு இடுக்கெல்லாம் நோண்டாதீங்க, சுத்தி 2 எம்எம் விட்டு வெட்டி ஓரத்துல கருப்பு மார்க்கர் ஓட்டுங்க. அந்த வெள்ளை விளிம்பு மறைஞ்ச உடனே உருவம் எழுந்து நிக்கற மாதிரி இருக்கும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலையே அதுதான்.

ஸ்டாண்டுக்கு சின்ன பைண்டர் கிளிப், கம்பியைக் கழட்டிட்டா போதும், ஃபேன் காத்துக்கும் சாயாது. கோப்ளின்ங்கற குட்டி அரக்கன் 8 இருந்தா பின்னாடி நம்பர் எழுதிடுங்க, எதுக்கு எவ்ளோ ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போச்சுன்னு குழம்பாது.