வாடகையே தவணையைக் கட்டிவிடுமா? மலேசிய வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (செத்தாப்பாக்): கொண்டோ விலை 4 லட்சம் வெள்ளி. 90 விழுக்காடு கடனுக்குத் தவணை 1,640. வாடகை 1,700 கிடைக்கும். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்கிறார் ஏஜெண்ட். இரண்டாவது வீடாக வாங்கலாமா?

பதில்: கட்டாது. இந்த அரைக் கணக்கைக் காட்டித்தான் சம்பளக்காரக் குடும்பங்களைக் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிறது. முழுக் கணக்கு இது. 1,000 சதுர அடிக்குப் பராமரிப்புக் கட்டணம் அடிக்கு 35 சென் என்றால் மாதம் 350. அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி), 35. சுக்காய் பிந்து (ஊராட்சி மன்ற மதிப்பீட்டு வரி), சுக்காய் பெத்தாக் (அடுக்குமாடி வீட்டுக்கான நில வரி), தீக்காப்புறுதி மூன்றுக்கும் மாதம் 70 ஒதுக்குங்கள். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் அதற்கு 142. ஏர்கோண்ட், ஹீட்டர், குழாய் ரிப்பேருக்கு 100. தவணையோடு மொத்தம் 2,337. வாடகை போக மாதாமாதம் 637 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். புது வாடகைக்காரரைப் பிடித்துத் தரும் ஏஜெண்டுக்கு ஒரு மாத வாடகை தனி.

வாங்கும்போதே முன்பணம் 40,000, பெயர் மாற்ற முத்திரை வரி 7,000, கடன் பத்திரத்துக்கு 1,800, வக்கீல் கட்டணம் வேறு. வாடகை உத்தரவாதம் தருகிறோம் என்று விற்பவர் சொன்னால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நான் வாங்கிய ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் அந்த உத்தரவாதப் பணம் விற்பனை விலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. அதே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் இன்று என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று கார்டிடமும் மேனேஜ்மென்ட் ஆபீஸிலும் விசாரியுங்கள்.

கேள்வி (பூச்சோங்): வாங்கி நான்காம் ஆண்டில் விற்றால் வரி உண்டா?

பதில்: உண்டு. லாபத்தில் 20 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இல்லை.

கேள்வி (ஜெலுத்தோங்): லெலோங்கில் (வங்கி ஏலத்தில்) வீடு எடுத்தேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. இப்போது ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வங்கி காலி செய்து தருமா?

பதில்: தராது. "உள்ளது உள்ளபடி" விற்கிறோம் என்று விற்பனைப் பிரகடனத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எப்படி ஏலத்தில் கை தூக்கினீர்கள்? மீதித் தொகைக்கான கெடு அதே தாளில் இருக்கிறது. பெரும்பாலும் 90 அல்லது 120 நாள். தவறினால் வைப்புத்தொகை போய்விடும். முதலில் கடனுக்கு ஓடுங்கள். குடியிருப்பவரோடு பிறகு பேசலாம்.

கேள்வி (செந்தூல்): வாடகைக்காரர் நான்கு மாதமாக 1,200 வெள்ளி கட்டவில்லை. பூட்டை மாற்றி மின்சாரத்தை வெட்டலாமா?

பதில்: கூடாது. 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ஒப்பந்தத்தை முடியுங்கள், பிறகு வீட்டை ஒப்படைக்கக் கேட்டு வழக்குப் போடுங்கள். டிஸ்ட்ரஸ் சட்டம் 1951-இன் கீழ் 12 மாதம் வரையிலான பாக்கிக்கு அவருடைய பொருள்களை நீதிமன்றம் வழி ஜப்தி செய்யலாம். முத்திரை இடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. இந்த வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தத்தின் முத்திரை வரி 2025 முதல் 58 வெள்ளிதான் ஆகும். கையெழுத்தான 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் அபராதத்தோடு இன்றே கட்டுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): முன்பதிவுப் பணம் 8,000 வெள்ளியை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போன வாரம் போட்டேன். இப்போது போனை எடுப்பதில்லை. அம்மாவின் சேமிப்பு அது.

பதில்: உங்கள் மேல் தவறில்லை அம்மா. ஏமாற்றியவர்தான் குற்றவாளி. இன்றே வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள், பணம் போட்ட ரசீதோடு போலீஸ் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவர் காட்டிய சிவப்பு அட்டையில் புகைப்படம், ஆர்இஎன் எண் (நிறுவனத்துக்காக வீடு விற்றுத் தரும் நெகோஷியேட்டரின் பதிவு எண்), நிறுவனப் பெயர் இருந்திருக்கும். அந்த எண்ணை, சொத்து ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். உண்மையான எண் என்றால் வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள், அந்த நிறுவனத்திடமும் எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். முன்பதிவுப் பணம் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு. நெகோஷியேட்டர் தன் சொந்தக் கணக்கில் அதை வாங்கவே கூடாது. எண் போலி என்றால் அதையும் அச்செடுத்துப் போலீஸ் புகாரோடு சேருங்கள்.