அஞ்சடியில் நிற்க வையுங்கள்: பினாங்கு விடுமுறைப் படக் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் என் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களைவிட, கைப்பேசியை நீட்டி "இது ஏன் இப்படி வந்தது?" என்று கேட்க வருகிறவர்களே அதிகம். எழுதிக் கேட்டவர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

போன விடுமுறையில் பினாங்கு வந்தோம். படங்களில் கட்டடங்கள் பளிச்சென்று இருக்கின்றன. எங்கள் முகம் மட்டும் கரிக்கட்டை. கண்ணுக்குக் கீழே கருவளையம் வேறு. கைப்பேசியை மாற்ற வேண்டுமா, ஐயா? (கிள்ளான் வாசகி)

வேண்டாம் அம்மா, நேரத்தை மாற்றுங்கள். 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தில் ஓடுகிறது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணியை ஒட்டி. நீங்கள் பதினொன்றரைக்கு விடுதியை விட்டுக் கிளம்பி மூன்று மணிவரை படம் எடுத்திருப்பீர்கள். வெயில் தலைக்கு மேலே நிற்கும்போது நெற்றி கண்ணுக்குக் கூரை போடுகிறது. அந்த நிழலைத்தான் கருவளையம் என்கிறீர்கள்.

மத்தியானம்தான் வெளியே போக முடியும் என்றால் ஜார்ஜ்டவுனில் ஒரு வசதி இருக்கிறது: அஞ்சடி. பழைய கடைவீடுகளின் முன்னால், மாடிக்குக் கீழே ஓடும் நடைபாதை. பிள்ளைகளை அதன் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, தெருவைப் பார்த்து நிற்க வையுங்கள். தெருவில் விழும் வெயில் தரையிலும் எதிர்ச் சுவரிலும் பட்டு, மெத்தென்று முகத்துக்குத் திரும்பி வரும். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டிச் செய்யும் வேலையை அந்தத் தெரு உங்களுக்கு இலவசமாகச் செய்துகொடுக்கும். பின்னணிக்குப் பழைய மரக்கதவும் பூவேலைத் தரை ஓடுகளும் கிடைக்கும். படம் எடுக்கிறவர்தான் வெயிலில் நிற்க வேண்டும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்குமுன் திரையில் முகத்தைத் தொடுங்கள். கைப்பேசி அதற்கேற்ப வெளிச்சத்தைக் கணக்கிடும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அது ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும்; நம் நிறத்துக்கு அது இன்னும் மோசம். தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள்.

சாயங்காலம் எடுப்பதானால் ஆறு மணிக்கு மேல் தயாராக இருங்கள். இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பின்போதான் மறையும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் சாய்வாக இறங்காமல் கிணற்றில் விழுவதுபோல் விழும். மஞ்சள் வெயில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அந்த நேரத்தில் செண்டோல் குடிக்க வரிசையில் நிற்காதீர்கள்.

என் மாமியாருக்கு 78 வயது. கேமராவைத் தூக்கினாலே சிலையாகிவிடுகிறார். "சிரியுங்கள், அத்தை" என்றால் இன்னும் இறுகுகிறார். (சுங்கை பட்டாணி வாசகி)

அத்தை மேல் தவறில்லை. அவர் வயதுக்காரர்களுக்குப் படம் எடுப்பது என்றால் ஸ்டூடியோவுக்குப் போவது. திரைச்சீலை, பூச்சாடி வைத்த முக்காலி, "ஆடாமல் நில்லுங்கள்" என்று ஓர் அதட்டல். அதட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர்; ஒரு பிலிம் வீணானாலும் நஷ்டம் அவருக்கு. எனவே அசையாமல் நிற்பது அத்தை கேமராவுக்குக் கொடுக்கும் மரியாதை. முதலில் அந்தப் படத்தையே முறையாக எடுங்கள். முழு உருவம், நேர்ப் பார்வை, முந்தானை ஒழுங்காக. எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

பிறகு "முடிந்தது, அத்தை" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். விரலை மட்டும் எடுக்காதீர்கள். அவர் மூச்சை விடுவார், தோள் இறங்கும், பேரன் எங்கே என்று திரும்பிப் பார்ப்பார். அப்போது அழுத்துங்கள்.

இன்னொரு வழி, அவருக்கு ஒரு வேலை கொடுப்பது. லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்கு அழைத்துப் போங்கள். கடைக்காரர் சரத்தை முழம் போடும்போது உங்கள் அத்தையின் கண் பூவில் இருக்காது. கடைக்காரரின் முழங்கையில் இருக்கும், குறைத்து அளக்கிறாரா என்று. ஒரு புருவம் ஏறியிருக்கும். சில்லறை முடிச்சுப் பர்ஸை இடுப்போடு அழுத்திப் பிடித்திருப்பார். என் அம்மாவின் படங்களில் வீட்டில் எல்லோரும் நின்று பார்ப்பது அப்படிப்பட்ட ஒன்றைத்தான். அதில் அவர் சிரிக்கவே இல்லை.

சைக்கிள் சுவரோவியத்துக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். கடைசியில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே படம். (ஈப்போ வாசகர்)

லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் ஆர்மேனியன் தெருவில் வரைந்தது அது. சுவரில் அக்காவும் தம்பியும் வண்ணத்தில். சைக்கிள் மட்டும் நிஜம். உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு விரல் காட்டச் சொன்னால் அதே படம்தான் வரும். தம்பி விழுந்துவிடாமல் பின்னால் தள்ளுவதுபோல் நடிக்கச் சொல்லுங்கள்; அல்லது ஓடி வந்து துரத்தட்டும். சைக்கிள் மேல் மட்டும் ஏற்றாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது.

வரிசையில் நின்ற அரை மணி நேரத்தை ஏன் எடுக்கவில்லை? மகள் பொறுமையிழந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கியிருப்பாள். அந்தப் படம் வேறு யார் வீட்டிலும் கிடையாது.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தோடு எடுத்தால் கோபுரத் தலை வெட்டுப்படுகிறது, இல்லையென்றால் நாங்கள் எறும்பாகிறோம். (பட்டர்வொர்த் வாசகர்)

452 மீட்டர் கட்டடத்தின் காலடியில் நின்றால் அப்படித்தான். கே.எல்.சி.சி. பூங்காவுக்குள் நன்றாகப் பின்வாங்குங்கள். குடும்பம் கோபுரத்துக்கு அருகில் அல்ல, உங்களுக்கு அருகில், இரண்டு மூன்று மீட்டரில் நிற்கட்டும். நீங்கள் மண்டியிட்டுக் கைப்பேசியைத் தாழ்த்துங்கள். மிக அகலக் கோண லென்ஸைப் போட்டால் ஓரத்தில் நிற்கிறவர் பக்கவாட்டில் இழுபடுவார். சற்றுப் பருமனான சித்தப்பாவை நடுவில் நிறுத்துவது குடும்ப அமைதிக்கு நல்லது. பினாங்கில் கெக் லோக் சீ புத்தர் கோயில் கோபுரத்துக்கும் இதே கணக்குதான்.

நான்கு நாள் விடுமுறை, 900 படங்கள். ஒன்றில்கூட நான் இல்லை. (ஒரு தந்தை)

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு ஆல்பத்திலும் நான் கிடையாது.

வழிப்போக்கரிடம் கைப்பேசியைக் கொடுத்தால் அவர் காலை வெட்டிவிடுவார், சாய்த்துவிடுவார். ஆகவே முதலில் நீங்களே இடம் பார்த்து, உங்களுக்கு ஓர் இடைவெளி விட்டுக் குடும்பத்தை நிறுத்துங்கள். பிறகு ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் நின்ற அதே இடத்தில் அவரை நிற்க வைத்துக் கைப்பேசியைக் கொடுங்கள். நகர வேண்டாம், அழுத்தினால் போதும் என்று சொல்லுங்கள். ஐந்தாறு தடவை அழுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். யாரும் இல்லாவிட்டால் பத்து வினாடி டைமர் இருக்கிறது, சாய்த்து வைக்கக் காலணி இருக்கிறது. ஒரு மணி நேரம் பத்து வயது மகனிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பாருங்கள். பாதி படத்தில் முழங்கால்தான் இருக்கும். மீதியில் நீங்கள் இருப்பீர்கள், அவன் பார்க்கும் உயரத்திலிருந்து.

காரை விட்டு இறங்கி எடுத்தால் படம் புகைமூட்டமாக இருக்கிறது.

குளிர்சாதனத்தில் குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கொடிமலையின் குளிரிலிருந்து இறங்கினாலும் இப்படி ஆகலாம். பத்து நிமிடம் வெளியே வையுங்கள், தானாகத் தெளியும். மற்ற நேரங்களில் புகைமூட்டம் என்றால் அது ரொட்டி சானாய் எண்ணெய், துடையுங்கள்.

தண்ணீர்மலைக் கோயிலில் படம் எடுக்கலாமா?

மேலே முருகன் கோயிலுக்கு 513 படிகள். படியிலும் வெளியிலும் எடுங்கள், காலையில் ஏறுங்கள். மூலஸ்தானத்தை நோக்கிக் கேமராவைத் தூக்காதீர்கள். மற்ற இடங்களில் கேட்டுவிட்டு, பிளாஷ் இல்லாமல். தைப்பூசத்தில் அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதை வருடந்தோறும் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது. கடல்மேல் கால்நட்டு நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளும் அப்படித்தான். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சாளரம் வழியாக உள்ளே எடுக்காதீர்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

திரும்பிய ஒரு வாரத்துக்குள் முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து 4ஆர் (நான்குக்கு ஆறு அங்குலம்) அளவில் அச்சிடுங்கள். ஒரு வாரம் தாண்டினால் செய்ய மாட்டீர்கள். மீதியை இரண்டு இடங்களில் சேமியுங்கள். என் மகளின் நான்கு வயதுவரையிலான படங்கள் கணினியின் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒரு நாள் அது டிக் டிக் என்றது, அத்தோடு சரி. படம்பிடிப்பவன் வீட்டிலேயே இந்த லட்சணம்.

அச்சிட்ட படத்தின் பின்னால் இடம், ஆண்டு, பெயர்கள், கூடவே ஒரு வரி எழுதுங்கள். அப்பா எடுத்த ஒரு படத்தில் நான் கொடிமலை ரயிலடியில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கிறேன். ஏன் என்று எனக்கு நினைவில்லை. பின்னால் அவர் கையெழுத்து: "கொடிமலை, 1974. பலூன் போய்விட்டது." எழுதுவதற்கு மென்மையான பென்சிலே போதும், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கத்தில் வடு தெரியும்.