கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: அறுவை சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 57. தையல் தொழில் செய்கிறேன். ஓராண்டாக வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் வலி இருக்கிறது. கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டும்போதும், பாட்டில் மூடியைத் திருகும்போதும், பூட்டில் சாவியைத் திருப்பும்போதும் சுருக்கென்று வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மூட்டு தேய்ந்திருப்பதாகச் சொல்லி, ஸ்பிளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் கவசப்பட்டை) அணியச் சொன்னார். இரண்டு வாரம் அணிந்தும் பெரிய மாற்றம் இல்லை. இனி அறுவை சிகிச்சைதான் வழியா?

பதில்: இல்லை. நீங்கள் இப்போதுதான் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்த மூட்டைப் பொறுத்தவரை இரண்டு வாரம் என்பது மிகக் குறைவான காலம்.

கட்டைவிரலின் அடி எலும்பும் மணிக்கட்டிலுள்ள ஒரு சிறிய எலும்பும் சந்திக்கும் இடம்தான் உங்களுக்கு வலிக்கும் மூட்டு. அங்கே இரண்டு எலும்புகளின் முகப்பும் குதிரைச் சேணம்போல் வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் பொருந்தியிருக்கின்றன. கட்டைவிரல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைவதும், மற்ற விரல்களை நோக்கித் திரும்பி அவற்றின் நுனியைத் தொடுவதும் இந்த அமைப்பால்தான். ஆனால் இவ்வளவு அசைவுக்கு இடம் கொடுக்கும் மூட்டை எலும்பால் மட்டும் இறுக்கிப் பிடிக்க முடியாது. தசைநார்களும் சுற்றியுள்ள சிறு தசைகளுமே அதை நிலைநிறுத்துகின்றன. அவை தளரும்போது எலும்பு சற்றே விலகி, குருத்தெலும்பின் ஒரு பகுதியில் மட்டும் பாரம் விழத் தொடங்குகிறது. விரல் நுனிகளுக்கிடையே 1 கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்புவது போன்ற சிறிய வேலைகூட ஏன் இப்படி வலிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தேய்மானம் அதிகம் காணப்படுகிறது.

எக்ஸ்ரேயைப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். படத்தில் மூட்டு மிகவும் தேய்ந்திருந்தும் வலியின்றி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் சிறிதளவே மாற்றம் தெரிந்தாலும் கடும் வலியால் துன்பப்படுபவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பை எந்தச் சிகிச்சையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது என்பது உண்மைதான். ஆனால் வலியைக் குறைக்கவும் கைக்கு வலுவூட்டவும் முடியும். அறுவை சிகிச்சையைப் பற்றிய முடிவைப் படத்தை மட்டும் வைத்து எடுப்பதில்லை.

ஸ்பிளின்டை மறுபடி அணியுங்கள். பிரான்சில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் ஸ்பிளின்ட் அணிந்தவர்களுக்கு முதல் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஓராண்டு முடிவில், அணியாதவர்களைவிட அவர்களுக்கு வலியும் கையின் இயலாமையும் குறைந்திருந்தன. கட்டைவிரலின் அடியை மட்டும் தாங்கி, நுனியையும் மற்ற விரல்களையும் மணிக்கட்டையும் அசைய விடும் சிறிய வகையே வேலை செய்பவர்களுக்கு வசதியானது. தோல் சிவந்தாலோ விரல் மரத்தாலோ அளவு சரியில்லை என்று பொருள். தயாரித்துக் கொடுத்தவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அதே சமயம், நாள் முழுவதும் கழற்றாமலே இருந்தால் தசைகள் மேலும் தளரும்.

ஆகவே ஸ்பிளின்டோடு பயிற்சியும் சேர வேண்டும். உருண்டையான ஒரு குவளையைப் பிடித்திருப்பதுபோலக் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வளைத்து, சில விநாடிகள் அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். பிறகு கையை மேசையில் வைத்து, ஆள்காட்டிவிரலைக் கட்டைவிரல் இருக்கும் பக்கமாக நகர்த்துங்கள். மற்றொரு கையின் விரலால் அந்த அசைவை இலேசாகத் தடுங்கள். அப்போது இரண்டு விரல்களுக்கும் நடுவில், புறங்கைப் பக்கத்தில் ஒரு தசை புடைத்தெழுவதைத் தொட்டுப் பார்க்கலாம். அடிமூட்டை விலகாமல் பிடித்துவைக்க உதவுவது அந்தத் தசைதான். பயிற்சியால் எழும் வலி மறுநாள் வரை நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதல் சில முறைகளைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்வது நல்லது.

தொழிலை விட வேண்டியதில்லை, பிடிக்கும் முறையை மாற்றினால் போதும். வெட்டியதும் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரிக்கோலைப் பயன்படுத்துங்கள். மெல்லிய கைப்பிடிகளின்மேல் துணியோ ரப்பரோ சுற்றித் தடிப்பாக்குங்கள். மூடியைத் திறக்க விரல் நுனிகளுக்குப் பதிலாக உள்ளங்கையை அதன்மேல் பதித்துத் திருப்புங்கள். வலி மிகும் நாட்களில் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும்.

மருந்தைப் பொறுத்தவரை, டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரண ஜெல்லை முதலில் பயன்படுத்துவதே சரி. இந்த மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதாலும், பூசும் மருந்து இரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு என்பதாலும் இந்த முறை ஏற்றது. வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் குறைந்த காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துவந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

இவற்றையெல்லாம் மாதக்கணக்கில் முறையாகச் செய்தும், உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலி தொடர்ந்து, அன்றாட வேலைகள் முடங்கினால் மட்டுமே அறுவை சிகிச்சையைப் பற்றிக் கையறுவை நிபுணரிடம் பேசுங்கள்.

கேள்வி: இதே மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா? எனக்கு சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: சிலருக்கு இந்த ஊசியால் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வலி தணிகிறது. ஆனால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தெளிவான மேன்மை நிறுவப்படவில்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் கைமூட்டுத் தேய்மானத்துக்குப் பொதுவாக இந்த ஊசி வேண்டாம் என்கின்றன. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ நிபந்தனையோடு அதற்கு இடம் கொடுக்கிறது. ஸ்பிளின்டும் பயிற்சியும் தொடரும்போது, தாங்க முடியாத ஒரு கட்டத்தைக் கடப்பதற்காக எப்போதாவது ஒரு முறை போட்டுக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. அடிக்கடி போடுவது சரியல்ல. ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து வெளுக்கக்கூடும். ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் அளவைக் கூடுதலாகச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலிக்கிறது. எனக்கும் தேய்மானமா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. கட்டைவிரலை விரித்துக் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குவதால், மணிக்கட்டின் ஓரத்தில் ஓடும் தசைநாண்களின் உறை தடித்து வலிப்பது பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் அதிகம் காணப்படும் தொல்லை. குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, உள்ளங்கையை அடியில் கொடுத்து ஏந்துங்கள். இரவில் விரல்கள் மரத்துப்போனால் அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். பல மூட்டுகள் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாகக் கை விறைத்திருந்தால் முடக்குவாதத்துக்கான பரிசோதனை தேவை. அதைத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.