வாசகர் கேள்விகள்: செய்யுளிலிருந்து எழுத்துக்கு

கேள்வி: அரசு நடுநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்கள் செய்யுளைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். பொருள் கேட்டாலும் சொல்கிறார்கள். ஆனால், சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் திகைத்துப்போகிறார்கள். இலக்கியத்தைக் கொண்டே எழுத்துப் பயிற்சி அளிக்கலாமா, இலக்கணத்தை முதலில் முடித்துவிட வேண்டுமா?
– ஆசிரியை ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தாராளமாக அளிக்கலாம், இலக்கணம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாணவர்கள் சொல்லும் பொருள் பெரும்பாலும் நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டதாகவே இருக்கிறது. பாடலின் கருத்து என்ன என்று கேட்டதோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அதைப் புலவர் எப்படிச் சொன்னார் என்று கேட்பதே இல்லை. எழுதக் கற்பதற்கு அந்தக் கேள்விதான் வாசல்.

புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாருங்கள். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது, ஏழே அடிகள். மக்கட்பேறு இல்லாதவர் வாழ்நாள் பயனற்றது என்ற அவர் கருத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அதை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லலாம். நின்று பார்க்க வேண்டியவை நடுவிலுள்ள அடிகள்:

குறுகுறு நடந்து சிறுகை நீட்டி
இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்
நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்

குழந்தை அழகாக இருந்தது என்று புலவர் எங்கும் சொல்லவில்லை. குறுகுறுவென நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, சோற்றைக் கீழே இட்டு, தொட்டு, வாயால் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்வதை வினைமேல் வினையாக அடுக்குகிறார். குழந்தை நம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது.

பாடலை முதலில் நீங்களே உரக்க வாசியுங்கள். மாணவர்கள் வினைச்சொற்களை அடிக்கோடிடட்டும். பிறகு, வீட்டில் தம்பியோ தங்கையோ சாப்பிடுவதை, அப்படி யாரும் இல்லையென்றால் ஆட்டுக்குட்டி தழை தின்பதை, உற்றுப் பார்த்துவந்து, ‘அழகான’, ‘நல்ல’, ‘மிகவும்’ ஆகிய சொற்களைத் தொடாமல் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். ‘நடந்து’, ‘நீட்டி’ என்பவை வினையெச்சம் என்பதையும், ‘இட்டும் தொட்டும்’ எண்ணும்மை என்பதையும் அப்போது சொல்லிக்கொடுத்தால், தங்கள் வாக்கியத்துக்கே அவை தேவைப்படுவதால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். ஒற்றுப்பிழைகளைத் திருத்தி எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். தன் வாக்கியம் ஒன்று வகுப்பில் வாசிக்கப்படுவதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை தானாகவே எழுத முன்வரும்.

கேள்வி: வட்டார வழக்குக் கதைகளை வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் தேர்விலும் பேச்சுத்தமிழில் எழுதிவிட மாட்டார்களா?
– பெற்றோர் ஒருவர், மதுரை

பதில்: அஞ்ச வேண்டாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே விரிவானமாக இடம்பெற்றது. அத்தகைய கதையில் ஓர் உரையாடலைத் தேர்ந்து எழுத்துத்தமிழில் மாற்றி எழுதச் செய்தால், எது எங்கே பொருந்தும் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.