என் இடத்தில் அவள்: தூக்கம் போச்சு, என்ன செய்ய?

கேள்வி: விவாகரத்தாகி இரண்டு வருடம். முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணை வேறு பெயரில் கணக்கு தொடங்கி தினமும் பார்க்கிறேன். நான் ஆசையாக வாங்கிய பச்சைத் திரைச்சீலை அப்படியே தொங்குகிறது, அதன் முன்னால் உட்கார்ந்து என் மகளுக்கு அவள் பின்னல் போடுகிறாள். மறைக்கவில்லை, அழுது காரியம் சாதிப்பதும், இவரிடம் ஒன்று அவரிடம் ஒன்று சொல்லி எல்லோரையும் கைக்குள் வைத்திருப்பதும்தான் அந்த வீட்டில் என் வழக்கம். இப்போதும் அவளுக்குக் கணவர் மேல் சந்தேகம் வருகிற மாதிரி இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பதிலே இல்லை.

பதில்: முதலில் அந்தச் செய்திகளை நிறுத்துங்கள், இன்றைக்கே. அதனால் அங்கே ஏதாவது பிரச்சினை வந்தால் உங்கள் சொந்தப் பெயரில் ஒப்புக்கொள்ளுங்கள். போலிக் கணக்கிலிருந்து மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதிவிடாதீர்கள், பதில் வருகிறதா என்று அதற்கும் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் போய்விட்டாரே என்ற ஏக்கம் அதில் எங்குமே இல்லை. நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு, அழுது, கோள் சொல்லிப் பிடித்து வைத்திருந்த வீடு அவளிடம் சும்மாவே நிற்கிறது, அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை என்று தோன்றுகிறது. கேட்க வலிக்கும், தெரியும்.

2012-ல் டாரா மார்ஷல் என்ற உளவியல் ஆய்வாளர் 464 பேரிடம் கேட்டுப் பார்த்ததில், பிரிந்தவரின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு மனவேதனை அதிகமாக இருந்தது. பார்ப்பதால் வேதனையா, வேதனையால் பார்க்கிறார்களா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் இரண்டும் நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முப்பது நாள் பார்த்தால் ஒரு நாள் அவள் முகம் வாடியிருக்கும், மனசு கொஞ்சம் ஆறும், அந்த ஒரு நாளுக்காக மறுபடி முப்பது நாள் தூக்கம் கெடும். குறைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் இதில் நடக்காது, கணக்கையே நீக்கிவிடுங்கள். அப்புறம் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், எனக்கு எழுதியதை ஒரு வரி குறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். மகள் வந்ததும் அங்கே நடந்ததைத் துருவித் துருவிக் கேட்கிறீர்களா? குழந்தை உளவு சொல்லப் பழகிவிடும், நீங்கள் பழகிய மாதிரியே. அடுத்த முறை வரும்போது ஒன்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே பின்னல் போட்டுவிடுங்கள், அவளாக எதையாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.