ஃபாண்ட்ரலின் முகம் ஏன் மாறியது?

வணக்கம். மார்வெலின் தோர் படங்களை வரிசையாகப் பார்த்தபோது இரண்டாம் படத்தில் தோரின் நண்பன் ஃபாண்ட்ரல் வேறு ஆளாக இருக்கிறார், மூன்றாவதில் தோரின் தோழி சிஃப்பையே காணோம், சண்டை போட்டு அனுப்பிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இல்லை. இரண்டுக்கும் காரணம் தொலைக்காட்சித் தொடர்தான்.

ஃபாண்ட்ரலாக முதலில் நடிக்க இருந்தவர் ஸாக்கரி லெவி. ‘சக்’ தொடரின் நாயகன் அவர்; தேதி ஒத்துவரவில்லை. அப்புறம் ஒப்பந்தமான ஸ்டூவர்ட் டவுன்சென்ட், படப்பிடிப்பு தொடங்கச் சில நாள் இருக்கும்போது விலகினார். அவசரமாக வந்தவர்தான் 2011 படத்தில் நீங்கள் பார்த்த ஜோஷ் டல்லஸ். அடுத்த படத்தின்போது அவர் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ தொடரில் முக்கிய வேடத்தில் இருந்தார். அதற்குள் ‘சக்’ முடிந்துவிட்டதால் வேடம் லெவியிடமே திரும்பி வந்தது!

சிஃப்பாக நடித்த ஜெய்மி அலெக்ஸாண்டருக்கும் இதே கதைதான். ‘பிளைண்ட்ஸ்பாட்’ தொடரில் அப்போது அவர்தான் நாயகி. வருடத்தில் பல மாதம் அதற்கே போய்விடும். சில காட்சிகளே உள்ள ஒரு துணை வேடத்துக்காக அதை நிறுத்த முடியுமா? என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. தோரின் நண்பர்கள் கொல்லப்படும் மூன்றாம் படமான ‘ராக்னராக்’கில் இல்லாததால் சிஃப் சாகாமல் தப்பினார். 2022 படத்தில் திரும்பி வருகிறார், பாருங்கள்.

பணமும் சில சமயம் காரணமாகும். ‘கேப்டன் அமெரிக்கா’ படத்தில் வில்லன் ரெட் ஸ்கல்லாக நடித்த ஹ்யூகோ வீவிங், அடுத்தடுத்த படங்களுக்குப் பேசிய சம்பளத்தைக் குறைத்தார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2018 ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் அந்த வேடத்தில் வருபவர் ராஸ் மார்க்வாண்ட்.